நீர் வரும் வழியும் போகும் வழியும்

சென்னையில் ஒரு வீட்டை விலைக்கு வாங்குகிறவர், தாய்ப் பத்திரத்தைப் பலமுறை வாசித்து, வில்லங்கச் சான்றை வழக்கறிஞரிடம் காட்டி, வாசற்கால் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதைக்கூடப் பெரியவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். ஆனால் தெருவிலிருந்து அந்த வீட்டுக்குள் நல்ல ஜலம் எந்த இடத்தில் நுழைகிறது, உபயோகித்த ஜலம் எந்த இடத்தில் வெளியேறுகிறது என்ற இரண்டு விஷயங்களைக் கேட்டறிந்தவரை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் ஆகிய பகுதிகளில் உரிமம் பெற்ற பிளம்பராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் நான் கண்டறிந்தது இதுதான்: குழாய் வெடித்தோ சாக்கடை எதிர்த்து வந்தோ ஒரு குடும்பம் அடைகிற நஷ்டத்தில் பெரும்பங்கு, அந்த இரண்டு இடங்களும் வீட்டார் ஒருவருக்கும் தெரியாமல் போன முதல் ஒரு மணி நேரத்தில்தான் விளைகிறது. பிளம்பரோ குடிநீர் வாரியத்து ஊழியரோ எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் மணி நேரத்துக்குள் வந்து சேர்வது அபூர்வம். ஆகவே அந்த நேரத்துக்கு உரிய வைத்தியத்தை வீட்டாரே கற்றுவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நீர் வரும் வழியைச் சொல்லுகிறேன். தெருவில் ஓடும் மெயின் குழாயில் ஃபெரூல் என்னும் சிறு பித்தளைத் திறப்பைப் பொருத்தி, அங்கிருந்து அரை அங்குல அல்லது முக்கால் அங்குலக் குழாயை வீட்டுக்குள் கொண்டுவருவதே நம் ஊர் வழக்கம். கீழ்ப்பாக்கத்து நீர்நிலையம் 1914-இல் செங்குன்றத்து ஏரி நீரை வடிகட்டி நகரத்துக்கு அனுப்பத் தொடங்கிய காலத்தை ஒட்டிய பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னமும் சில தெருக்களின் அடியில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து பிரிந்து வரும் இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி, அரை அங்குல வழி ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிட்டதை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். இந்தக் குழாய் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியதும், பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்தில், செங்கல் வைத்துக் கட்டிய ஒரு சிறு குழிக்குள் கேட் வால்வு ஒன்று இருக்கும். அதன்மேல் பூந்தொட்டி வைத்திருப்பார்கள். அல்லது டைல்ஸ் ஒட்டும்போது மேஸ்திரி அதையும் சேர்த்து மூடியிருப்பார். வீட்டில் எந்தக் குழாய் எங்கே வெடித்தாலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுவே என்பதால், அதைத் தோண்டியெடுத்து, மேலே எளிதில் தூக்கக்கூடிய ஒரு மூடி போட்டு, வீட்டில் உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அதைத் திருப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வால்வு இருக்குமிடம் தெரிந்தால் மட்டும் போதாது. அது திரும்பவும் வேண்டும். பல ஆண்டுகள் தொடாமல் விட்ட கேட் வால்வின் திருகுத்தண்டில் உப்பு இறுகிப் படிந்து, அவசரத்தில் பலங்கொண்ட மட்டும் திருப்புகிறபோது தண்டு முறிந்து கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கதவோ இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை முழுவதும் மூடி, முழுவதும் திறந்து, பிறகு கால் சுற்று மட்டும் பின்னோக்கித் திருப்பி வைத்தால் இந்த ஆபத்து நேராது. தண்டைச் சுற்றி ஜலம் கசிந்தால் அங்குள்ள சிறு நட்டை ஸ்பானரால் மெல்ல இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் உள்ளே கிரீஸ் தடவிய நூலைப் புதிதாகச் சுற்ற வேண்டும். மாடியிலுள்ள தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி வால்வு வைத்து, இது சமையலறைக்கு, இது கீழ்வீட்டுக் குளியலறைக்கு என்று பெயின்டால் எழுதிவைத்த வீடுகளில் எனக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். சில மாடிகளில் நான்கு குழாய்களும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், பெயரில்லாமல் நிற்கும். அங்கே எதை மூடினால் எது நிற்கும் என்பதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தே அறிய வேண்டும். அதற்குள் கீழே மெத்தையும் புத்தக அலமாரியும் நனைந்து போகின்றன.

நகரத்தின் அநேக பாகங்களில் குடிநீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை. குறித்த நேரத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில், பூமிக்கடியில் எங்கேனும் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால், சுற்றிலுமுள்ள அழுக்கு ஜலம் அதன் வழியாக உள்ளே புகுகிறது. நல்ல தண்ணீர் வரத்தொடங்கும்போது அந்த அழுக்கே முதலில் வந்து விழுகிறது. இதைவிட மோசமானது, மெயின் குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேராக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுவது. தெருவில் நாலு வீட்டார் அவ்வாறு செய்தால், குழாய்க்குள் வெளியே தள்ளும் அழுத்தம் போய் உள்ளே இழுக்கும் அழுத்தம் உண்டாகி, பக்கத்தில் ஓடும் கழிவுநீரையே அது இழுத்துக்கொள்கிறது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்த தெருக்களில் நான் வேலை செய்திருக்கிறேன். இது விதியை மீறிய செயல் என்பதற்கு முன்பாக, பிறர் வீட்டுக் குடத்தில் நஞ்சைக் கலக்கும் செயல் என்பதை என்னைக் கூப்பிட்டு மோட்டார் பூட்டச் சொன்னவர்களிடமெல்லாம் சொல்லி மறுத்திருக்கிறேன்.

குழாயில் அழுக்கு கலந்து வருவதற்கு எதிராக வீட்டார் செய்யக்கூடிய முன்னேற்பாடு மிக எளியது. தெருக்குழாய் சம்பு என்னும் நிலத்தடித் தொட்டிக்குள் விழுமுன், வெளியில் டீ என்னும் மூவழி இணைப்பு ஒன்றை வைத்து ஒரு சிறு குழாயைப் பொருத்திவிட வேண்டும். பழைய வீடுகளில் இருந்த அடிபம்பு இந்த வேலையைத்தான் செய்துவந்தது. தண்ணீர் வரும் வேளையில் முதலில் அந்தக் குழாயைத் திறந்து, ஓர் எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, நன்றாயிருந்தால் மட்டும் சம்புக்கு விடலாம். கலங்கி வந்தால் செடிகளுக்கு விட்டுவிடலாம். அரை அங்குலக் குழாயில் ஐந்து நிமிஷம் வந்த கெட்ட நீர், பத்தாயிரம் லிட்டர் நல்ல நீரைக் கெடுத்துவிடும். பிறகு அத்தனையையும் இறைத்துக் கொட்ட வேண்டியதாகிறது. அழுகல் வாடை வந்தால் ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, தேதியும் நேரமும் எழுதி, வாரியத்தின் 1916 எண்ணுக்குத் தெரிவித்து, அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் அடியோடு நின்றுபோகும் சந்தர்ப்பமும் உண்டு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் ஒரு நடைக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் லாரிக்காகக் காத்திருந்த குடும்பங்களில், நிதானம் இழக்காமல் இருந்தவை பெரிய சம்பு கட்டியவை என்று சொல்ல முடியாது. குடிக்கிற நீரையும் புழங்குகிற நீரையும் தனித்தனியே கணக்குப் பண்ணி வைத்திருந்தவையே நிம்மதியாக இருந்தன. ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லிட்டர் என்று கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு நாற்பத்தைந்து லிட்டர். சமையலுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து குடம். இதை மூடியுள்ள பாத்திரங்களில் எப்போதும் வைத்திருப்பது, மூன்றறை வீட்டில் வசிப்பவர்க்கும் சாத்தியமே. வாரம் ஒருமுறை அதைப் பாத்திரம் தேய்க்க எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடித்துவைக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில், உடம்பு துடைக்கவும் துணி அலசவும் ஒரு டிரம் தனியாக இருப்பது மிக அவசியம். அத்தகைய வீடுகளில் தண்ணீர் இல்லாத முதல் அரை நாளே பெருந்துன்பமாகிவிடுவதை நான் நேரில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி நீர் போகும் வழி. இதைப் பற்றிப் பேச ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் வீட்டின் ஆரோக்கியம் பிரதானமாக இதையே பொறுத்திருக்கிறது. கழிப்பறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் நான்கு அங்குலக் குழாய்கள், வீட்டின் பக்கவாட்டிலுள்ள சேம்பர் என்னும் சிறு தொட்டிகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கேட்டுக்கு அருகேயுள்ள கடைசிச் சேம்பருக்கு வந்து, அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய் வழியாகத் தெருவிலுள்ள மேன்ஹோலுக்குப் போகின்றன. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓர் அடி என்று வாட்டம் கொடுப்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு.

அடைப்பு ஏற்பட்டது எங்கே என்பதை அறிய ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை; சேம்பர் மூடிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தால் போதும். கடைசிச் சேம்பர் நிரம்பி நின்றால் குற்றம் தெருவில் இருக்கிறது, அல்லது தெருவுக்குப் போகும் குழாயில் இருக்கிறது. உடனே 1916-க்குச் சொல்ல வேண்டும். கடைசிச் சேம்பர் காலியாயிருந்து முந்தினது நிரம்பியிருந்தால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமல், வீட்டு அடைப்புக்கு வாரியத்தையும் தெரு அடைப்புக்குப் பிளம்பரையும் எதிர்பார்த்து ஒரு நாள் முழுவதும் வீணாக்கியவர்கள் எத்தனையோ பேர்.

மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஐப்பசி மாதத்து அடைமழை நாளில், தரைத்தளத்தில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. குளியலறைத் தரையிலுள்ள ஜல்லடை வழியாகக் கறுத்த நீர் குமிழியிட்டுப் பொங்கி, கூடத்தைக் கடந்து பூஜையறை வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தால் வாரி வாரி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அவர் சற்றுக் குறைத்துவிடும்போதும், மறுபடி சோப்பு நுரையோடு ஒரு பெருக்கு வந்தது. நான் நேரே மாடிப்படி ஏறினேன்.

“ஏம்ப்பா, அடைப்பு கீழே இருக்கு, நீ மொட்டை மாடிக்குப் போறியே!” என்றார் ஆசிரியர்.

“இந்தத் தண்ணி பூரா மேல் வீடுகள்லேருந்து வருது சார். சோப்பு நுரையைப் பாருங்க, யாரோ வாஷிங் மெஷின் போட்டிருக்காங்க. டேங்க் வால்வை மூடிட்டு வந்துடறேன்.”

மேல்தொட்டியின் வால்வுகளை மூடி, மேல் வீட்டார் இருவரிடமும் சொல்லிவிட்டு இறங்கிய கால் மணி நேரத்துக்குள் கீழ்வீட்டில் நீர் ஏறுவது நின்றுவிட்டது. பிறகே சேம்பர்களைத் திறந்தேன். கடைசிச் சேம்பரின் அடித்தளம் காய்ந்து கிடந்தது. அதற்கு முந்தினது வாய்வரை நிரம்பியிருந்தது. காலியான பக்கத்திலிருந்து மூங்கில் பிளாச்சை மேல்நோக்கிச் செலுத்துவதே முறை. அடைப்பு விடுபடும்போது வருவது தெருச் சாக்கடைக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கடைசிச் சேம்பரின் வாயில் ஒரு கம்பி ஜல்லடையை வைத்துவிட வேண்டும். பிளாச்சின் நுனியில் வந்தது பாத்திரம் தேய்த்த தேங்காய் நார். அதைச் சுற்றி மெழுகு போல் உறைந்த எண்ணெய். அதற்கு மேல் துணி நாப்கின்கள். சமையலறைத் தொட்டியின் வாயில் ஒரு சிறு ஜல்லடை இருந்திருந்தால் அந்த அம்மாளுக்கு அன்றைய அவஸ்தை நேர்ந்திராது.

மாடி வீடுகள் உள்ள எந்தக் கட்டடத்திலும், சாக்கடை எதிர்த்து வந்தால் மேல் வீட்டார் அனைவரும் உடனே குழாய்களை மூட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஃப்ளஷ் செய்தால் பழைய தொட்டியில் பத்து லிட்டர் இறங்குகிறது. மூன்று வீட்டார் ஆளுக்கு ஒருமுறை செய்தாலும் முப்பது லிட்டர் தரைத்தளத்துக் குடும்பத்தின் கூடத்தில் போய் நிற்கிறது.

மழைக்காலத்தில் இந்தத் தொல்லை ஏன் பெருகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நகரத்துக் கழிவுநீர், வாட்டத்தினால் தானே ஓடி நீரேற்று நிலையங்களின் கிணறுகளில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் செய்யப்பட்டுக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. புயலில் மின்சாரம் தடைப்பட்டு பம்புகள் ஓய்ந்தால், கிணறு நிரம்பி, குழாய்கள் நிரம்பி, தாழ்ந்த இடத்திலுள்ள வீட்டின் ஜல்லடையில் வந்து வெளிப்படுகிறது. இதற்கிடையில், மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயைச் சாக்கடைச் சேம்பரிலேயே இறக்கிவிட்டவர்களும், தெருவில் மழைநீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறவர்களும் செய்கிற தீங்கு மிகப் பெரிது. கழிவுநீரைக் கருதிப் போட்ட குழாய் மழை வெள்ளத்தைத் தாங்காது. அவர்கள் உள்ளே தள்ளிய மழைநீர், கழிவோடு கலந்து அவர்கள் தெருவிலேயே, பல சமயம் அவர்கள் வீட்டிலேயே, திரும்பி வருகிறது. 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர்வாரி வைத்திருப்பவருக்குச் சேம்பரை நாட வேண்டிய அவசியமே இல்லை.

சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகளுக்கு என் யோசனை வேறு. தெரு மேன்ஹோல் மூடியைவிட உங்கள் குளியலறைத் தரை தாழ்ந்திருக்குமானால், சாக்கடை நிரம்பும்போது முதலில் உங்கள் வீட்டில்தான் ஏறும். கடைசிச் சேம்பருக்கு முன்னால் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஆனால் அதன் மடல் குப்பை சிக்கித் திறந்தே நின்றுவிடும் குணமுடையது என்பதால், மழைக்காலம் பிறக்குமுன் திறந்து கழுவ வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் கொட்டினாலும் வெளியேற வழியில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள், தரை ஜல்லடையின் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையில் பழந்துணி சுற்றி வைத்திருந்து, வேண்டியபோது அடித்து இறுக்கி, மேலே மணல் மூட்டை ஒன்றை வைத்துவிடலாம்.

இப்போது நான் சொல்லப்போவது என் மனத்தை மிகவும் வருத்துகிற விஷயம். தெரு மேன்ஹோல் நிரம்பி இரண்டு நாளாகியும் அடைப்பு எடுக்கும் வண்டி வராத ஒரு சந்தர்ப்பத்தில், தெருவாசிகள் சிலர் சேர்ந்து பணம் திரட்டி, இரண்டு இளைஞர்களை உள்ளே இறக்க ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்கள். “நீங்க மேலே நின்னு சொல்லிக் கொடுத்தா போதும்ணே, நாங்க இறங்கிடறோம்” என்றான் ஒருவன். அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. நான் மூடியின் மேலேயே நின்றுகொண்டு, வண்டி வரும் வரையில் நகர மறுத்துவிட்டேன். மூடிக் கிடக்கும் சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கொஞ்சமாயிருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அதிகமானால் முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அவன் மேலேயே விழுகிறான். மனிதரைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இவ்விதம் அபாயத்துக்கு உள்ளாக்கி வேலை வாங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஜெட்ராடிங் இயந்திரமும் உறிஞ்சும் லாரியும் உள்ள நகரத்தில், வண்டி தாமதமானால் தாமதமாகட்டும். அதுவரை குழாய்களை மூடி, அக்கம்பக்கத்துக் கழிப்பறையைக் கேட்டு உபயோகித்துப் பொறுத்திருக்கலாம். வெகுநாள் மூடிக் கிடந்த சம்புக்குள் தனியாக ஆளை இறக்குவதும் இதே போன்ற அபாயமுடையதே.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வெள்ளம் வடிந்த வீடுகளில் முதலில் நான் பார்த்தது சம்பு. கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக வாய் வைத்துக் கட்டிய சம்புகள் அனைத்திலும் சாக்கடை கலந்த நீர் நிரம்பியிருந்தது; வாயைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் கட்டை எழுப்பி, ரப்பர் விளிம்பு வைத்த மூடி போட்டிருந்தவற்றுள் சில தப்பின. மோட்டார் நனைந்திருந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்து எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொடக்கூடாது. சம்பை முற்றும் இறைத்து, வண்டலை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, வீட்டுக் குழாய்கள் அனைத்திலும் மருந்து வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஓர் இரவு அப்படியே வைத்திருந்து மறுநாள் கொட்டிவிட வேண்டும். அதன்பின் நிரப்பும் நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிற நீரைக் கொதி வந்தபின்னும் ஒரு நிமிஷம் அடுப்பில் விட்டு இறக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் காற்றுப்பட்டால் வீரியம் இழக்கும். போன வருஷத்துப் பொட்டலத்தை நம்பக்கூடாது.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய சாமான்கள் ஒரு சிறு பைக்குள் அடங்கும்: ஒரு ஸ்பானர், டெஃப்லான் டேப், எம்-சீல், அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் எண்ட் கேப், வெடித்த குழாயின்மேல் இறுக்கிச் சுற்ற ஒரு முழம் பழைய சைக்கிள் டியூபும் கட்டுக்கம்பியும், சேம்பர் மூடியைத் தூக்கக் கொக்கி, டார்ச், ரப்பர் கையுறை. இவற்றோடு ஒரு காகிதமும் இருக்க வேண்டும். வேலை முடித்த ஒவ்வொரு வீட்டிலும் நான் ஒரு படம் வரைந்து கொடுக்கிறேன். கேட்டுத் தூணிலிருந்து வால்வு எத்தனை அடி, கடைசிச் சேம்பர் எத்தனை அடி, மாடியில் எந்த வால்வு எந்த வீட்டுக்கு, மோட்டாரின் ஸ்விட்ச் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுகிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் வீடுகளில், காலி செய்கிறவர் சாவியோடு அந்தப் படத்தையும் புதியவருக்கு விளக்கி ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களில் சிலர் அதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.